அக்கரையும் பினாங்குதான்

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு வயது 36. பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன், சம்பளம் 3,700 ரிங்கிட். கணவருக்கு 38. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து இப்போது சோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். அவருக்கு 6,000. மாமனாருக்குச் சொந்தமான ஜெலுத்தோங் ஃபிளாட்டில், நான்காவது மாடியில், எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். மின்தூக்கி கிடையாது. மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மகன் பாலர் பள்ளி. மாமாதான் இரண்டு பேரையும் மோட்டாரில் கூட்டிவந்து சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 71 வயது. இனிப்புநீர், முட்டிவலி.

கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாமில் இருக்கும் கணவரின் அண்ணன், “பினாங்கு முடிந்தது. வீடு வாங்க முடியாது, ரோட்டில் போக முடியாது, குழாயில் தண்ணீர் வராது, நம்மவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?” என்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே சண்டை. இப்போது அவரே அங்கே ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்துவிட்டார், சம்பளம் 7,600. ஜெலுத்தோங் ஃபிளாட்டை விற்று அந்தக் காசில் அங்கே வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்பது அவர் யோசனை. நாங்கள் தீவிலேயே பார்த்த சுங்கை ஆரா கொண்டோ 650,000 சொல்கிறார்கள். முகவர் பாலம் தாண்டி அக்கரையில், பெருநிலத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டில் 420,000-க்கு ஒரு தரைவீடு காட்டினார். கணவரோ, “அக்கரைக்குப் போவதற்கு ஷா ஆலாமுக்கே போய்விடலாம்” என்கிறார். கையில் 45,000 சேமிப்பு இருக்கிறது. மாமாவுக்கு இது எல்லாம் தெரியும், எதுவும் சொல்வதில்லை. மாதக் கடைசிக்குள் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். பினாங்கு இன்னும் குடியிருக்கத் தகுந்த ஊர்தானா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டர்வொர்த்காரன். பிறந்தது, படித்தது, நிதி ஆலோசகராக அலுவலகம் போட்டது எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். உங்கள் கணவர் அக்கரையைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது. என் பதிலில் அந்தச் சாய்வு இருந்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் கருத்து இதுதான்: ஷா ஆலாம் வேண்டாம். சுங்கை ஆராவும் வேண்டாம். சிம்பாங் அம்பாட் பக்கம் பாருங்கள், ஆனால் இந்த மாதமே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

சம்பளத்திலிருந்து ஆரம்பிப்போம். 1,600 கூடுதல் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போகும், 176 ரிங்கிட். அது அவர் காசுதான், ஆனால் இந்த மாதச் செலவுக்கு வராது. அப்புறம் வருமான வரி. உங்கள் கணவர் இருக்கும் நிலையில் கூடுதல் வருமானத்தின் பெரும்பகுதி 11 விழுக்காட்டுப் படியில்தான் விழும். அதற்கும் சுமார் 176. ஆகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,250.

இப்போது செலவுப் பக்கம். ஜெலுத்தோங்கில் நீங்கள் வாடகை கட்டுவதில்லை. ஷா ஆலாமில் மூன்று அறை அடுக்குமாடி வாடகை 1,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டிரான்சிட்டில் விட வேண்டும். ஒரு பிள்ளைக்கு 350 என்றாலும் இரண்டு பேருக்கு 700. வாடகையும் டிரான்சிட்டும் மட்டுமே 2,300 ஆகிவிட்டது. வரவு 1,250. மாதம் ஆயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது. மாமாவைப் பார்க்க மாதம் ஒரு தடவை வடக்கே வந்து போகும் பெட்ரோலையும் டோலையும் நான் இன்னும் எழுதவே இல்லை. நீங்கள் இங்கே வேலையை விட்டு, அங்கே புது இடத்தில் கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும் எழுதவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு வரி உங்கள் வீட்டில் யாருடைய கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. மாமா தினமும் மத்தியானம் செய்யும் வேலைக்குச் சந்தை விலை மாதம் 700. அவர் உங்களிடம் கேட்டதில்லை, நீங்களும் கொடுத்ததில்லை, குடும்பத்தில் அது அப்படித்தான். ஆனால் அண்ணன் போடும் கணக்கில் அது பூஜ்யம் என்று நிற்கிறது.

அண்ணன் மாமாவையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லலாம். அப்போது டிரான்சிட் செலவு போய்விடும், சரி. ஆனாலும் வாடகை மட்டுமே சம்பள உயர்வை விழுங்கிவிடும். அதோடு 71 வயதில் ஒருவரைத் தெரிந்த கடை, தெரிந்த கோயில், தெரிந்த டாக்டர் எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் கொண்டுபோக வேண்டும். அதை யார் போய் அவரிடம் கேட்பது?

இனி, பினாங்கு முடிந்துவிட்டதா என்ற கேள்வி. இந்தப் பேச்சுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1969-இல் பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி போனபோதும் இதையேதான் சொன்னார்கள். அப்போது உண்மையிலேயே வேலை இல்லை. துறைமுகத்தையும் மொத்த வியாபாரத்தையும் நம்பியிருந்த குடும்பங்கள் தத்தளித்தன, இளைஞர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப்போய்க் கூட்டிவந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கே போட்டது. வயல்காடாக இருந்த இடம். உங்கள் கணவர் இன்று வாங்கும் சம்பளத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது தடவை, 2000-ஆம் ஆண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மாடிகளில் தலைமுறையாகக் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது, அதற்குப் பிறகு அந்த மாடிகள் பல தங்கும் விடுதிகளாயின, காப்பிக்கடைகளாயின. லெபோ பாசாருக்கு இன்றும் சேலை எடுக்கப் போகிறோம், லெபோ குயின் மாரியம்மன் கோயிலில் கும்பிடுகிறோம், வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அங்கே குடியிருப்பது நம்மால் ஆகாத காரியமாகிவிட்டது. அந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரை நகரம் உண்மையிலேயே முடிந்துதான் போயிற்று. அண்ணன் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, அதை மறுத்துப் பேசி அவரைச் சூடாக்க வேண்டாம்.

ஆனால் அவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் கோலாலம்பூருக்குப் போகவில்லை. ரெலாவ், பாயான் பாரு, அப்புறம் பாலத்தைத் தாண்டி பிறை, புக்கிட் மெர்தாஜாம். ஊர் அவர்களோடு சேர்ந்து நகர்ந்தது. தொழிற்சாலைகளும் நகர்ந்தன. ஒரு காலத்தில் தோட்டமும் சதுப்புநிலமுமாக இருந்த பத்து காவானில் இன்று லாம் ரிசர்ச், போஷ், மைக்ரான் எல்லாம் ஆலை வைத்திருக்கின்றன.

உங்கள் கணவர் அக்கரையைப் பினாங்காகவே எண்ணவில்லை. தீவில் பிறந்தவர்களுக்கு இது ஒரு பழைய வியாதி, என் மனைவி வீட்டாரும் தீவுக்காரர்கள்தான், எனக்குத் தெரியும். மாநிலத்தின் நிலத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு பெருநிலப் பக்கமான செபராங் பிறைதான். மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ‘நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் கிடைக்கும். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள், அதில் பெரும்பாலானவை அக்கரையில். பிறை, நிபோங் தெபால், பத்து காவான் பக்கமெல்லாம் கரும்பும் ரப்பரும் இருந்த காலத்திலிருந்தே தமிழர்கள் இருந்த இடங்கள். கோயிலுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்துவர்களுக்கு ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழா, அந்தக் கூட்டத்தை அண்ணன் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு இதில்தான் நிற்கிறது. சில்லு சோதனை, பொதியல் தொழிலில் உலகத்தில் நடக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில். உங்கள் கணவர் கணக்கராகவோ வழக்கறிஞராகவோ விளம்பரத்துறைக்காரராகவோ இருந்திருந்தால் மறுபேச்சின்றிக் கோலாலம்பூரும் ஷா ஆலாமும் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போகச் சொல்லியிருப்பேன். சோதனைப் பிரிவு சூப்பர்வைசருக்கு வட்டாரம் இதுதான். ஷா ஆலாமில் அவருக்கு ஒரு கம்பெனி கிடைத்திருக்கிறது. அந்தக் கம்பெனி நாளை ஆள் குறைத்தால், அதே வேலைக்கு அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று அண்ணனிடம் கேளுங்கள். சில்லுத் தொழில் ஏறி இறங்கும் தொழில். இறக்கம் வரும்போது தட்டுவதற்கு நாலு கதவு பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதனால்தான் சிம்பாங் அம்பாட்டைச் சொல்கிறேன். அங்கே வீடு இருந்தால் பத்து காவான் பக்கத்திலேயே. பாயான் லெப்பாஸ் இரண்டாவது பாலத்தைத் தாண்டினால். கெடாவில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா, 1996 முதல் இருப்பது, அதுவும் தினமும் போய்வரக்கூடிய தூரம். மூன்று வேலைச் சந்தைகளுக்கு நடுவில் ஒரு வீடு. சுங்கை ஆராவில் இருந்தால் பாயான் லெப்பாஸ் நடக்கும் தூரம் போல இருக்கும், மற்ற இரண்டுக்கும் பாலம் தாண்ட வேண்டும். ஷா ஆலாமில் இருந்தால் மூன்றும் கிடையாது.

ரோட்டு நெரிசல் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் வாடிக்கையாளர்களே சிரிப்பார்கள். 1985-இல் திறந்த முதல் பாலத்தில் காலையில் போகிறவர்கள் படும் பாடு ஊருக்கே தெரியும். நீங்கள் பயன்படுத்தப்போவது 2014-இல் திறந்த இரண்டாவது பாலம். 24 கிலோமீட்டர், பத்து காவானில் ஏறி பத்து மாவுங்கில் இறங்கும், அங்கிருந்து தொழிற்சாலைப் பகுதி கிட்டத்தில். டோல் தீவுக்குப் போகும் திசையில் மட்டும், காருக்கு 7 ரிங்கிட். மாதம் 22 நாள் என்றால் 154. மோட்டாருக்கு 2019-இலிருந்து இலவசம், ஆனால் 154 ரிங்கிட்டுக்காக அவரைத் தினமும் மோட்டாரில் அனுப்பாதீர்கள். கடலுக்கு நடுவில் பக்கக்காற்று மோட்டாரைத் தள்ளும், மழை வந்தால் ஒதுங்க இடமும் கிடையாது. கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வருகிறதா என்று முதலில் விசாரிக்கட்டும், பல ஆலைகள் செபராங் பிறையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.

முகவர் எல்.ஆர்.டி ரயில் வரைபடத்தைக் காட்டினால் ரசித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுங்கள். முத்தியாரா தடத்தின் வேலை 2025-இல் தொடங்கியிருக்கிறது, 2031-இல் முடிப்பதாகத் திட்டம். அப்போது உங்கள் மகள் படிவம் இரண்டில் இருப்பாள். அந்தத் தடம் தீவின் தெற்கிலிருந்து கொம்தார் போய், கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலுக்கு வரும். சிம்பாங் அம்பாட்டுக்கு வராது. அதை நம்பி ஒரு ரிங்கிட்கூட அதிகமாகக் கொடுக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஷா ஆலாம்காரர் குறை சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பினாங்கின் மூலநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, ஆற்றின் மேல்பகுதி கெடாவில். இது நீண்டகாலத் தலைவலிதான். 2024 ஜனவரியில் பராமரிப்புக்காக நான்கு நாள் தண்ணீரை நிறுத்தியபோது வாளியும் குடமுமாக எல்லோரும் அவதிப்பட்டோம். ஆனால் 2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசுபட்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகளில் குழாய் வறண்டதை அண்ணன் மறந்துவிட்டாரா? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் எங்கே நின்றது என்பதையும் அவரே சொல்லட்டும். இக்கரைக்கு அக்கரை பச்சை, அவ்வளவுதான். நீங்கள் எந்த வீட்டைப் பார்த்தாலும் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியது ஒன்று: 2017 நவம்பர் வெள்ளத்தில் இந்த வரிசையில் தண்ணீர் எதுவரை வந்தது? செபராங் பிறை பல இடங்களில் தாழ்வான நிலம். முகவர் சொல்லமாட்டார், எதிர்வீட்டு அம்மா சொல்வார்.

வீட்டுக் கணக்கு. கடன் தவணை 35 ஆண்டு அல்லது 70 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் வங்கி கொடுக்கும். உங்கள் கணவருக்கு 38, ஆகவே 32 ஆண்டு. வட்டி 4 விழுக்காடு என்று வைத்து, பத்தில் ஒரு பங்கு முன்பணம் போக மீதிக்குக் கடன் எடுத்தால், 650,000 கொண்டோவுக்கு மாதத் தவணை சுமார் 2,700. அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம். 420,000 தரைவீட்டுக்குச் சுமார் 1,750. இருவர் சம்பளத்துக்கும் 2,700-ஐ வங்கி மறுக்காமல் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. ஒருவர் வேலை ஆறு மாதம் நின்றால் 1,750-ஐ இன்னொருவர் சம்பளத்தில் இழுத்துப் பிடிக்கலாம். 2,700-ஐ உங்கள் 3,700-இல் கட்டிவிட்டு என்ன சாப்பிடுவது?

420,000-க்கு முன்பணம் 42,000. வழக்கறிஞர், மதிப்பீடு, சில்லறைச் செலவுக்கு இன்னும் 13,000 போல ஒதுக்குங்கள். உங்கள் கையிருப்பு 45,000, ஆகப் பத்தாயிரம் குறைகிறது. சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம், ஆனால் அது ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கடன் உறுதியான பிறகுதான் வரும். முதலில் கைக்காசைப் போட்டுப் பிறகுதான் ஈடுகட்ட முடியும். நிறையப் பேர் இதைத் தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு நடுவில் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த மாதம் வேண்டாம் என்றேன். இன்னும் ஏழெட்டு மாதம் வாடகையில்லாமல் இருக்கும் வசதியைப் பயன்படுத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜெலுத்தோங் ஃபிளாட். இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

ஒன்று, யாராவது ஒருவர், “அப்பா இருக்கும்போதே உன் பெயருக்கு மாற்றிக்கொள்” என்று உங்கள் கணவருக்கு யோசனை சொல்லுவார். புது வீடு வாங்கும்வரை அதைச் செய்யவே கூடாது. 500,000 ரிங்கிட்டுக்குள் முதல் வீடு வாங்குகிறவருக்கு முத்திரை வரி விலக்கு இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அது சொத்து மாற்றத்தில் 7,400, கடன் பத்திரத்தில் 1,890, மொத்தம் 9,000-க்கு மேல் மிச்சம். ஆனால் இதற்கு முன் எந்தக் குடியிருப்பும் பெயரில் இருக்கக்கூடாது, தானமாகவோ வாரிசாகவோ வந்ததுகூடக் கணக்கில் சேரும். அப்பாவின் ஃபிளாட்டைப் பெயருக்கு மாற்றிய மறுநாளே அந்தச் சலுகை போய்விடும். கையெழுத்துப் போடும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்றும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை.

இரண்டு, அண்ணனின் விற்கும் யோசனை. விற்றால் வரி இல்லை, ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்துக்குக் குடிமக்கள் சொத்து ஆதாய வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் விற்ற காசு மாமாவின் காசு. அது ஷா ஆலாமில் உங்கள் கணவர் பெயரில் வாங்கும் வீட்டுக்குள் போனால், நாளைக்கு அண்ணனுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா? மாமா உயில் எழுதாமல் போனால், 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி மனைவியும் பெற்றோரும் இல்லாதவரின் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். ஃபிளாட்டாக இருக்கும்வரை அது தெளிவான சொத்து. இன்னொருவர் வீட்டின் முன்பணமாகக் கரைந்துவிட்டால் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நிற்கும் அளவுக்குப் போகும். என் மேசைக்கு வரும் குடும்பச் சண்டைகளில் பாதி இப்படி ஆரம்பித்தவைதான். மாமா ஒரு உயில் எழுதட்டும், எப்படிப் பிரிப்பது என்பது அவர் விருப்பம்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது, மாமாவுக்கு முட்டிவலி. பினாங்கு நல்ல ஊரா கெட்ட ஊரா என்று நீங்கள் தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொண்டிருக்கையில், அவர் தினமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படிகளை ஏறுகிறார். பள்ளிக்கு ஒன்று, பாலர் பள்ளிக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று என்றால் நாளுக்கு மூன்று தடவை. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அந்த வீடு அவரை வெளியே விடாது, அல்லது உள்ளே விடாது. தரைவீட்டைத் தேடும்போது கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போங்கள். ஃபிளாட்டை வாடகைக்கு விடுங்கள், வாடகை அவர் கணக்குக்கே போகட்டும். கையில் சொந்தக் காசோடு மகன் வீட்டுக்கு வருகிற அப்பா வேறு மாதிரி இருப்பார்.

அவரிடம் நேராகக் கேளுங்கள். உங்கள் கணவர் கேட்பதைவிட நீங்கள் கேட்பது நல்லது, மருமகளிடம் சில மாமனார்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். “எங்களோடு அக்கரைக்கு வருவீங்களா மாமா?” என்று கேட்டால் அவர் முதலில் தைப்பூசத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். தண்ணீர்மலைக்கு சிம்பாங் அம்பாட்டிலிருந்து போக முடியும், என்னைப் போல அக்கரைக்காரர்கள் ஆண்டுதோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். மருந்துக்கும் பயமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் இங்கேயும் ஒரு ரிங்கிட்தான். இப்போது பார்க்கும் டாக்டரிடம் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டால் போதும், அதை எப்படிக் கேட்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வேலை நேரம்தான் மிச்சமிருக்கும் சிக்கல். காலை ஏழு மணி ஷிப்டுக்குத் தீவில் இருக்க வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்கே கிளம்ப வேண்டிவரும். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும்போது ஊரே தீவை நோக்கிப் போகும், உங்கள் திசை காலியாக இருக்கும், அது ஒரு ஆறுதல். ஆனால் தூக்கக் கலக்கத்தில் 24 கிலோமீட்டர் பாலம் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், பட்டர்வொர்த் மூன்று இடத்திலும் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன, அனுபவமுள்ள தாதிக்கு எங்கும் கிராக்கிதான். இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள். உங்கள் வேலை இந்தப் பக்கம் உறுதியான பிறகு வீட்டைத் தேடினால், எந்தப் பேட்டையில் தேடுவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். பள்ளி ஆண்டு இப்போது மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், மாறுவதை ஆண்டுக் கடைசியில் வைத்துக்கொண்டால் மகளுக்கு நடுவில் பள்ளி மாற்றும் தொல்லை இருக்காது.

வீட்டைப் பார்க்க முகவர் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார். போய்ப் பாருங்கள். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் கணவர் விடுப்பு எடுக்காமல், காலை ஆறேகாலுக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்து, தொழிற்சாலை வாசலில் நிறுத்தட்டும். சாயந்தரம் திரும்பி வந்தும் பார்க்கட்டும். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அன்று ராத்திரி அவர் என்ன சொல்கிறார் என்பதை நம்புங்கள், அதற்கு முந்தின நாள் அக்கரையைப் பற்றிச் சொன்னதை நம்ப வேண்டாம்.

மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டிய பதில். அந்த வேலைக் கடிதத்தை மறுக்கும் முன் அதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது. உங்கள் கணவர் தன் மேலாளரிடம் போய், வெளியில் இவ்வளவு தருகிறார்கள், நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன், என்ன செய்ய முடியும் என்று கேட்கட்டும். மிரட்டலாகக் கேட்க வேண்டாம், கடிதத்தை மேசையில் போடவும் வேண்டாம், கேட்டால் காட்டினால் போதும். முழு 1,600 கிடைக்காது. 500, 600 கிடைத்தாலும் டோலும் பெட்ரோலும் கழிந்துவிடும். அவர் கம்பெனிக்குப் பத்து காவானில் ஆலை இருந்தால் அங்கே மாற்றல் கேட்கவும் இதுதான் நேரம்.

அண்ணனுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக விளக்கம் எழுத வேண்டாம், அங்கே எழுதினால் சித்தப்பா பெரியப்பா எல்லோரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். உங்கள் கணவரே போன் போட்டு, வேலை பார்த்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, ஃபிளாட் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் விற்கவில்லை என்று மட்டும் சொல்லட்டும். ஏன் வரவில்லை என்று கேட்டால், வாடகையும் டிரான்சிட்டும் சேர்த்து 2,300, சம்பளத்தில் கூடுவது 1,250 என்று இரண்டு எண்ணைச் சொன்னால் போதும்.